மழைநாள் மன்றாட்டு

என் குரல் பெரியது; அறிவு அதற்கேற்ற அளவில் அமையவில்லை. அதனால்தான் செமோர் ஊருக்குப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் என்னைச் செபம் நடத்த விட்டிருந்தார்கள் என்று என் சிநேகிதன் ஆம்புரோஸ் சொல்வான். அந்தப் பொறுப்பு தனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அவனுக்கு.

பிறகு வந்தது அந்தப் பெருங்காற்று. பக்கத்து மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த கூட்டாளி பாஸ்கல்மேல் ரப்பர் மரம் முறிந்து விழுந்தது. ஓடினேன். தூக்க முடியவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத வருகிறது.

அதற்குப் பின் மழைக்காற்று எழுந்தாலே என் மூளை நின்ற இடத்தில் நின்றுவிடும். செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்வேன். அடுத்தது என்ன என்பது வராது. ஒருநாள் ஒரே மரத்தைக் கட்டை தெரியும்வரை சீவிக்கொண்டிருந்தேன். வாய் இருந்திருந்தால் அந்த மரமே என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கும். தோட்டத்துத் துரை அதற்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகவே பார்த்துக்கொண்டார்கள். காய்கறிப் பாத்தியில் களை பிடுங்கினேன்.

"பயந்துபோன மூளை, சூசைநாதன். கெட்டுப்போன மூளை இல்லை. கொஞ்ச நாளாகும்" என்றார் டாக்டர். கெட்டுப்போகும் அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று அவர் நம்பியதே எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மறுபடி நின்றுபோனால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்று துரை சொல்லிவிட்டார். என்னைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராஜசிங்கம்; யாழ்ப்பாணத்துச் சைவர், துரையிடம் எதையும் மறைக்காதவர். நான் இல்லாத மாதங்களில் என் மனைவி ரோசம்மா என் நிரையையும் சேர்த்து வெட்டிப் பாதியாகியிருந்தாள். இன்னொரு தடவை நான் போனால் அவள் தாங்கமாட்டாள்.

அக்டோபர் மாதம், மாதாவின் செபமாலை மாதம். சாயங்காலம் தகரக் கொட்டகையில் எல்லாரும் முழங்காலிட்டோம்.

"நீயே நடத்து மச்சான். தொண்டை துருப்பிடிச்சிருக்கும்லா" என்றான் ஆம்புரோஸ்.

செபமாலை ஒழுங்காக முடிந்தது. அடுத்து மாதா மன்றாட்டு. நான் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். பாதியில் காற்று எழுந்தது. தகரத்தில் மழை அறைந்தது. அதே நேரம் குடையை மடக்கிக்கொண்டு கிராணி வாசலில் வந்து நின்றார்.

"விடியற்கால நட்சத்திரமே" என்றேன். பதில் வந்தது. அடுத்தது நோயாளிகளுக்கான வரி. எனக்கு வேண்டியதும் அதுதான், வராததும் அதுதான்.

"விடியற்கால நட்சத்திரமே."

மறுபடியும். மறுபடியும். அந்த வரி ஒரே தடவைதான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதலில் கேட்பதுபோல் பதில் சொன்னார்கள். ஆம்புரோஸ் அடுத்த வரியைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். ஆசைப்பட்ட இடம் அவனுக்குக் கிடைத்திருக்கும். அவனோ கண்ணை மூடிக்கொண்டு பதிலை இழுத்தான். மற்றவர்களும் அவனோடு சேர்ந்து இழுத்தார்கள். அந்த நீளத்தில் என் மூச்சு இறங்கியது. காற்றுக்கும் எனக்கும் நடுவே அவர்கள் குரல் நின்றது.

அடுத்த வரி தானாக வந்தது. அதற்குப் பதில் சொல்லும்போது ரோசம்மாவின் குரல் பாதியில் உடைந்தது.

முடிந்ததும் கிராணி உள்ளே வந்தார்.

"உந்த நட்சத்திரத்தை ஏன் காணும் இத்தினை தரம் கூப்பிட்டனீர்?"

ஆம்புரோஸ் முந்தினான். "மழைக்காலம்லா ஐயா. நட்சத்திரம் மேகத்துக்குப் பின்னால கிடக்கு. ஒரு தடவை கூப்பிட்டா கேக்குமா?"

"இது உங்கட வழக்கமோ?"

"வழக்கம்தாங்க ஐயா!"

மாதா சுரூபத்துக்கு முன்னால் அத்தனை பேரும் ஒரே குரலில் பொய் சொன்னார்கள். செபத்தில்கூட எங்களுக்கு அவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

கிராணி என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார். "அப்ப சரி. ஆள் சுகம் எண்டு துரையிட்டைச் சொல்லுறன்."

அவர் போனதும் ஆம்புரோஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு மச்சான். இனி அந்த ஆளு தினம் இந்தப் பக்கமா வந்து காது குடுப்பாரு. வழக்கம்னு சொல்லிட்டோம், என்ன செய்யப் போறோம்?"

என்ன செய்வது? அந்த மழைக்காலம் முழுவதும், எனக்கு வரி தெளிவாக வந்த நாட்களிலும், நட்சத்திரத்தைப் பல தடவை கூப்பிட்டோம். நான் மெல்லத் தேறினேன். தேய்ந்தது அவர்கள் முழங்கால்தான். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.