சத்தமில்லாத துப்பாக்கியின் மேல் ஒரு புகார்

வேதசிரோமணி ஐயர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகச் சொல்ல மனசு வராது. எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அவர்தான் குரு; பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். நான் வேலை பார்க்கிற மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. போன ஐப்பசியில் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, என் துப்பாக்கிச் சத்தத்தால் பக்கத்து வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னார். நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது. அந்தத் துப்பாக்கியை நான் தேடித் தேடி வாங்கியதே அது சத்தம் போடாது என்பதற்காகத்தான்.

என் பெயர் ஞானரத்தினம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கும் டிரில்லும் சொல்லிக் கொடுக்கிறேன். வயது முப்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இப்போதெல்லாம் தலைவலி என்று உள்ளே போய்விடுகிறேன். வீட்டில் நானும் தம்பி பொன்னுராஜும்தான். அவன் ராஜபாளையத்தில் புதிதாக வந்த பஞ்சு மில்லில் எண்ணெய் போடுகிற வேலையில் இருக்கிறான். தினமும் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவான்.

எனக்குத் துப்பாக்கி எங்கே பழக்கமானது என்று கேட்பீர்கள். ஒரு மிஷனரி அம்மாளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க மூன்று கோடைகாலம் கொடைக்கானல் போயிருந்தேன். காலையில் நான் அவருக்கு ழகரம் சொல்லிக் கொடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் அட்டையை மாட்டி அவர் எனக்குக் காற்றுத் துப்பாக்கி சொல்லிக் கொடுப்பார். அவருக்குக் கடைசி வரை ழகரம் வரவில்லை. எனக்குக் குறி முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

உயிரைச் சுட எனக்கு ஆசை கிடையாது, காக்காயைக் கூடச் சுட்டதில்லை. அட்டை, அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அது போதும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை இழுக்கிற அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தின் நாற்பது பிள்ளைகளும் இல்லை, சபையும் இல்லை, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் இல்லை. பகல் முழுவதும் நான் ஊருக்கு. சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் எனக்கு வேண்டும் என்று பத்து வருஷம் ஆசைப்பட்டேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் தை மாதம்தான் கைகூடியது.

சத்தம் போடாத துப்பாக்கிதான் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பின்வாசலுக்கும் பருத்தி வியாபாரி சிவனாண்டியின் வீட்டுக்கும் நடுவில் தோள் உயரச் சுவர் ஒன்றுதான். சத்தம் கேட்டால் தலை எட்டிப் பார்க்கும். தலை எட்டிப் பார்த்தால் டீச்சர் துப்பாக்கி சுடுகிறாள் என்று பொழுது விடிவதற்குள் ஊர்க்கோடி மடவார் வளாகம் வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் என் அரைமணி நேரம் போச்சு.

தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி மதுரைக்குப் போனேன். துப்பாக்கி அவனுக்கு என்று சொல்லிக்கொள்வதாக ரயிலிலேயே பேசி முடித்திருந்தோம். அதனால் வந்த வினை, கடைக்காரர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தம்பிக்குப் போனது. உள்ளே காற்றை அடைத்துப் பிடிக்கிற லெதர் வாஷர் எப்போது மாற்றியது என்று கேட்டேன். சாருக்கு வேட்டைப் பழக்கம் உண்டா என்று அவர் தம்பியை விசாரித்தார். வாஷர் என்றால் என்னவென்று நான் கேட்டிருந்தால் ஒருவேளை சந்தோஷப்பட்டிருப்பார்.

மூன்று துப்பாக்கி எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் உள்ளே கோணி மூட்டையில் சுடச் சொல்லிவிட்டு நான் தெருவில் போய் நின்று காதைக் கொடுத்தேன். முதலாவது நீளமானது, பார்க்க லட்சணமானது. அதன் ஸ்பிரிங்குக்கு இருந்த வேகத்தில் வாசலில் நின்ற ஜட்காக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது தகரத்தில் செய்த சின்னத் துப்பாக்கி. வெடியை விட அதன் ஸ்பிரிங் அதிர்கிற சத்தம்தான் பெரிது, சமையல்கட்டில் தட்டு விழுந்த மாதிரி. மூன்றாவது யாரோ தோட்டத்துத் துரை வைத்திருந்து விற்றுவிட்டுப் போன பழசு. நடுத்தரமான ஸ்பிரிங், மெத்தென்று பதமாக இருந்த லெதர். கடைக்குள் நிற்கிறவர்களுக்கே கனமான ரிஜிஸ்தரை மூடினதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவில் நின்ற எனக்கு அது கேட்கவே இல்லை, சுட்டாயிற்று என்று தம்பி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அது பழசு, பலம் பத்தாது, ஆம்பளைக்குப் பெரியதுதான் அழகு என்று கடைக்காரர் தம்பிக்கு எடுத்துச் சொன்னார். தம்பி என்னைப் பார்த்தான். நான் மூன்றாவதைத் துணியில் சுற்றச் சொன்னேன்.

பின்வாசலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மில்லிலிருந்து தம்பி கொண்டுவந்த கழிவுப் பஞ்சைக் கால் வைத்து மிதித்து அடைத்தேன், ஈயக் குண்டு பட்டால் அதிலும் சத்தம் வரக்கூடாது அல்லவா. தினமும் ஐந்தரை மணிக்கு இருபது குண்டு. எட்டு மாதம் இப்படியே போனது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சிவனாண்டியின் மனைவி சீனியம்மாள் மட்டும் ஒருநாள், சாயங்காலமானால் டீச்சரம்மா சுக்குத் தட்டுறியளோ என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். சுக்கு எனக்கு ஆகாது, அது வேறு விஷயம்.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அன்றைக்கு மிஷின் ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தம்பி ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரன்தான், ஆனால் எண்ணெய் போடுகிற வேலை அவனுடையது என்பதால் முதல் நாள் முழுக்க மில்லே அவன் கையில்தான். அந்தக் குஷியோடு வீட்டுக்கு வந்தவன் கண்ணில் என் துப்பாக்கி பட்டிருக்கிறது. பாவம், அதுவும் ஒரு மிஷின்தானே, எட்டு மாதமாக வறண்டு கிடக்கிறதே என்று நினைத்திருக்கிறான். குழலை மடக்கினால் ஒரு சின்ன ஓட்டை தெரியும், காற்று வருகிற வழி. நீளமூக்கு ஆயில் கேனை அதில் வைத்து, மில் மிஷினுக்குப் போடுகிற ஸ்பிண்டில் ஆயிலை வேண்டிய மட்டும் ஊற்றிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தானாம்.

மறுநாள் விடுமுறை, தெருவே வீட்டில் இருந்தது. ஐந்தரைக்கு நான் விசையை இழுத்தேன். தேரோட்டத்துக்குப் போடுகிற அதிர்வேட்டு மாதிரி ஒரு வெடி. குழலிலிருந்து நீலமாகப் புகை. தென்னையில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிவிட்டது. குழல்தான் பிளந்துவிட்டது என்று நினைத்து நான் சிலையாக நின்றேன். தம்பி ஓடிவந்து துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். அந்த நேரத்துக்குச் சரியாகச் சிவனாண்டியின் தலை சுவருக்கு மேலே வந்தது.

நான் வசவுக்குத் தயாரானேன். ஆனால் சிவனாண்டியின் முகமெல்லாம் பல்.

“தம்பி, நம்ம தெருவுல இப்படி ஒரு ஆளு இருக்கிறது தெரியாமப் போச்சே” என்றார்.

மலையடியில் செண்பகத்தோப்புப் பக்கம் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது, குரங்குத் தொல்லை தாங்கவில்லை, தம்பி ஒருநாள் வந்து நாலு வெடி போட்டுவிட்டுப் போனால் பெரிய உபகாரம் என்றார். பூஜைப் பொரியும் கடலையும் ஒரு தாம்பாளம் நிறைய வந்தது. தம்பி மீசையைத் தடவிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோளாறு எங்கே என்று எனக்குப் புரிய நேரமாகவில்லை. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடும். அதே மாதிரிதான், ஸ்பிரிங் ஒரே அடியாகக் காற்றை நெருக்கும்போது அது சூடாகி, உள்ளே தேங்கியிருந்த எண்ணெயைப் பற்ற வைத்துவிட்டது. குழலை நிமிர்த்தி வடித்தேன், துணி விட்டுத் துடைத்தேன். மிச்சத்தைச் சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதாவது இன்னும் கொஞ்சம் வெடி வெடித்தாக வேண்டும்.

வெடித்தது தம்பி. மூன்று சாயங்காலம், சுவரோரம் ஆட்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க. பத்தடியில் இருந்த பெட்டியில் ஒரு குண்டு கூட அவன் போடவில்லை. ஒன்று சிவனாண்டி வீட்டுத் தண்ணீர்ப் பானையை உடைத்தது. போகுது, குறி மெல்ல வரும் என்று சொல்லிச் சிரித்தார் மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரும் தம்பியின் தோளில் தட்டி, இனிமேல் கோயில் மணி எதற்கு, பொன்னுராஜ் ஒரு வெடி போட்டால் சபை கூடிவிடுமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதம் நான் பூனை நடப்பதுபோல் நடந்து காப்பாற்றின மௌனத்தை யாருமே கேட்கவில்லையே.

நான்காம் நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. தம்பி சுட்டான், பழைய மெல்லிய சத்தம்தான் வந்தது. குண்டு வழக்கம்போல் எங்கேயோ போனது. துப்பாக்கி கெட்டுப்போச்சா தம்பி என்று சுவரிலிருந்து சிவனாண்டி கேட்டார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுலே என்று வாங்கி, மூன்று குண்டு அடுத்தடுத்துச் சுட்டேன். மூன்றும் கறுப்புப் பொட்டுக்குள். அட்டையைக் கழற்றி எல்லாரும் பார்க்கும்படி சுவர்மேல் வைத்தேன்.

சிவனாண்டி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாள் பொரி வரவில்லை, ஐயரிடம் புகார்தான் போனது. துப்பாக்கிச் சத்தம் தாங்கவில்லையாம்.

பானை உடைந்தபோது தாங்கிய காது அது. அவர் வாசலில் விடியும் முன்னால் பருத்தி வண்டிக்காரர்கள் போடுகிற கூச்சலைத் தாங்குகிற காது. அவருடைய கிராமபோன் பெட்டியை நான் நாலு வருஷமாகக் கேட்கிறேன், நான் யாரிடம் புகார் கொடுத்தேன்?

ஐயரிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாக, பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டிய நீங்கள் அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் செய்யலாமா, துப்பாக்கியை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார். எழுதினால் வேலை போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடைஞ்சல் என்னவென்று நீங்களே வந்து காது கொடுத்துக் கேளுங்கள் என்றேன். நல்ல மனிதர் என்றேனே, வந்தார்.

அவரையும் சிவனாண்டியையும் சிவனாண்டி வீட்டுப் பின்கட்டிலேயே உட்கார வைத்தேன். சீனியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் எங்கள் வீட்டுக்கு வந்து பத்துக் குண்டு சுட்டேன். அட்டையை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றித் திரும்பிப் போனேன்.

“எப்ப டீச்சர் ஆரம்பிக்கப் போறிய?” என்றார் சிவனாண்டி.

அட்டையை அவர்கள் முன்னால் வைத்தேன். பொட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ஐயர் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சத்தம் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இருந்தாலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும், பொன்னுராஜ் வேண்டுமானால் சுடட்டும் என்றார்.

தம்பி என்கூட வந்து பின்கட்டு வாசல்படியில் நின்றிருந்தான். இவன் இன்றைக்கும் மீசையைத் தடவுவான் என்றுதான் நினைத்தேன்.

“எனக்குச் சுடத் தெரியாது ஐயா. எண்ணெ ஊத்தத்தான் தெரியும்” என்றான்.

கதவோரத்தில் சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சிவனாண்டியிடம் காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கினார். தேதி போட்டார். என் பெயரை எழுதினார். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றது. எனக்குப் பயம்தான். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“சத்தம்னு எழுதாதிய ஐயா, அது பொய். பொம்பளை சுடுதா, குறி தப்பாமச் சுடுதா, அது எங்களுக்குப் பொறுக்கலன்னு எழுதுங்க. அடியில நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

ஐயர் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இதைக் குறித்து ஜெபிக்க வேண்டும் என்றார். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆறு மாதமாகிறது, இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. நான் தினமும் ஐந்தரைக்குச் சுடுகிறேன். போன வாரம் சிவனாண்டி கொத்தனாரைக் கூட்டிவந்து நடுச்சுவரை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டார். கேட்டவர்களிடம் சத்தம் தாங்கவில்லை என்கிறாராம்.