கார்வி பூத்த வருடமும் கோவிந்தராஜின் காதும்

கசார்வாடி இரும்புப் பட்டறையின் சம்மட்டிச் சத்தம் 1993இல் கோவிந்தராஜின் இரண்டு காதையும் தின்று தீர்த்த பிறகு, தேனீக்கள் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்டது. டாக்டர் நம்பவில்லை, தேனீக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவி சாவித்ரியோடு அவர் மராத்திக்காரர்கள் வாழும் முல்ஷிப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் குடியேறினார். நாவல் எங்கே பூத்திருக்கிறது, கடுக்காய் மரம் எப்போது மொட்டுவிடும் என்று கூட்டருகே நின்று கேட்டு ஊருக்குச் சொல்வார். ஊர்க்காரர்கள் தலைமுறை வழக்கப்படி அடையின் தேன் பாகத்தை மட்டும் அறுத்து, குஞ்சுகள் இருக்கும் பாகத்தைக் கிளையிலேயே விட்டுவிடுவார்கள். அப்படியொரு தேன் நகரத்துக் கேம்ப் பகுதிக் கடைகளுக்கு அதற்குமுன் வந்ததே இல்லை. ஒரு சொட்டு நக்கியவர்கள், மலைப்பக்கமே போகாதவர்கள்கூட, அது எந்தப் பூவின் தேன் என்று தாமாகவே பெயர் சொன்னார்கள்.

சாவித்ரிக்குத்தான் வயிறு எரிந்தது. "நான் பேசினா வாயைப் பாத்துத் தலையாட்டுற மனுஷன், பூச்சிகிட்ட மணிக்கணக்கா நிக்கிறாரு" என்பாள். எரியாமல் என்ன செய்யும், பாவம்.

ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் கார்விச் செடி, 2000இல் மலை முழுவதையும் ஊதாவாக்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குச் சாம்பிராணி போட்ட சாவித்ரி, நல்லதுதானே என்று தூபக்காலைக் கூடுகளுக்கும் காட்டினாள். தமிழ் வீட்டின் வெள்ளிக்கிழமைப் புகை கொசுவைத் தவிர யாரையும் விரட்டியதில்லை. தேனீக்களுக்கு அந்த விவரம் தெரியாது. மொத்தமாக எழும்பி முகட்டைத் தாண்டிப் போய்விட்டன. கோவிந்தராஜுக்கு இப்போது எதுவுமே கேட்கவில்லை. அவர் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

செருப்புகூடப் போடாமல் மலையேறினாள். மறுபக்கச் சரிவில் கூட்டத்தைக் கண்டதும் உட்கார்ந்து அழுதாள். "தப்புதான், வேணும்னு பண்ணல. உங்களை விட்டா அந்த மனுஷன் காதுக்கு யாரு இருக்கா? எங்கிட்ட அவரு பேசாட்டியும் பரவாயில்ல. திரும்பி வந்துடுங்க."

பொழுது சாயும்போது வாசலில் இருந்த கோவிந்தராஜைத் தேனீக்கள் சூழ்ந்துகொண்டன. அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல், அவள் குரலிலேயே, அழுகை உட்படச் சொல்லி முடித்தன. ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். அவள் இறங்கி வருவதற்குள் அவர் எதிரே ஏறிப்போய்ப் பாதி வழியில் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்வி மறுபடி பூத்த 2008இல், சாகண் தொழிற்பேட்டையிலிருந்து தேன் வாங்க வந்த இன்ஜினியர் ஒருவர், அந்தம்மா ஏன் தேன்கூட்டைப் பார்த்துக் கத்துகிறார் என்று கேட்டார். தேன் நிறுத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் மராத்தியில் சொன்னார்: "புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுறாங்க."