எலி கடித்த வயர்

இருபத்து மூன்று நாளாக அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அக்காவின் லேபிள் அச்சகத்தில் இருந்த கணினி மட்டும் தினமும் சொல்லிவைத்தாற்போல் காலை எட்டே முக்காலுக்குத் தானாக எழுந்துகொண்டது, மாலை ஆறரைக்குத் தானாக அணைந்தது. மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி தங்கைதான் அதை நடத்தினாள். அதில் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். காசில்லாமல் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்திக்கொள்ளலாம். இங்கே கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அங்கே கேமரா கண்மூடும், இன்னொரு வரியில் ஸ்பீக்கர் வாய்திறக்கும். சண்டை வேறு, வேலை வேறு என்பது அவள் கொள்கை.

சண்டைக்குக் காரணம், ஜாம் கம்பெனிக்காரர் முன்னால் அக்கா சொன்ன ஒரு வார்த்தை. இன்னொரு தரம் லேபிள் தாமதமானால் வேறு அச்சகம் பார்த்துக்கொள்வேன் என்று அவர் குதித்துக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்கவைக்க நினைத்த அக்கா, "என் தங்கச்சிக்கு என்ன, உக்காந்த இடத்துல பட்டனைத் தட்டிக்கிட்டிருப்பா" என்றாள். அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த தங்கை, "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியேறியவள்தான். வீட்டுக்கு வந்து, சூட்டோடு சூடாக அந்தக் கணினியின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். அது அக்காவுக்குத் தேவைப்படாது. அவள் உட்கார்ந்தால் கணினி தானே திறந்துகொள்ளும்.

இருபத்து நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தங்கைக்குக் கை சும்மா இருக்கவில்லை. அச்சகக் கணினிக்கு இணையம் வயரிலும் வரும், வைஃபையிலும் வரும். வைஃபை அடிக்கடி தூங்கி வழிந்தது. வயர் இருக்கையில் இது எதற்கு என்று அதை அணைத்து, மறுபடி ஆன் செய்தாலும் எழுந்திருக்காதபடி முடக்க ஒரு வரி எழுதினாள். மற்ற நாளாக இருந்தால், "அக்கா, வயர் சொருகியிருக்கா?" என்று ஒரு போன் போட்டுவிட்டுத்தான் செய்வாள். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? சொருகித்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி எண்டரைத் தட்டினாள்.

அச்சகத்தோடு தொடர்பு அறுந்து, திரை அப்படியே நின்றது. வெளியே நின்றுகொண்டு உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. அச்சு இயந்திரத்துக்கு வேலை போவதும் அதே இணைப்பில்தான். பன்னிரண்டு மணிக்கு ஜாம் கம்பெனி வண்டி வரும். நாலாயிரம் லேபிளில் ஒன்றுகூட அச்சாகவில்லை. கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி வந்து திரும்பிவிடும்.

போனை மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வைத்தாள். நாலாவது தரம் மணி ஒருமுறை அடிப்பதற்குள் அக்கா எடுத்துவிட்டாள்.

"பிரிண்டர் ஓடல" என்றாள் அக்கா. ஹலோகூட இல்லை.

"தெரியும். வைஃபையை நான்தான் அணைச்சுட்டேன். பின்னாடி வயர் சொருகியிருக்கா பாரு."

"எந்த வயர்? அதை எலி கடிச்சு மூணு வாரமாச்சு. தூக்கிப் போட்டாச்சு."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது?"

தங்கை, "சரி, ஒரு வரி சொல்றேன், அப்படியே தட்டு" என்றாள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. போனில் வரும் எதையும் எழுத்தெழுத்தாகத் துண்டுத்தாளில் எழுதி, சேர்த்து உரக்கப் படித்துக்காட்டி, எதிராளி சரி என்ற பிறகுதான் அடுத்த வேலை. அந்த ஒரு வரிக்கே ஐந்து நிமிஷம் ஆனது.

"பாஸ்வேர்ட் கேக்குது. சொல்லு."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்காவின் பெரிய வாடிக்கை போகும். தங்கை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னாள். நடுவில் வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். "நிதானமா சொல்லு" என்று அதட்டல் விழுந்தது.

எழுதி முடித்த அக்கா வழக்கம்போலச் சேர்த்துப் படித்தாள். "அக்காவுக்கு… ஒண்ணும்… தெரியாது. சரியா?"

"சரி" என்றாள் தங்கை, கேட்டும் கேட்காத குரலில்.

"இதைத்தான் தினம் தட்டறியா?"

"தினம் ரெண்டு வேளை."

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் ஓசை. "தட்டறேன், திரையில ஒண்ணும் விழலயே."

"விழாது. முழுசாத் தட்டி எண்டர் போடு."

தங்கையின் மேசையில் திரைக்கு உயிர் வந்தது. போனில் அச்சு இயந்திரம் கடகடக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலாக அக்கா சிரிப்பது கேட்டது. தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வண்டி பன்னிரண்டே காலுக்குத்தான் வந்தது, லேபிள் பன்னிரண்டுக்கே கட்டித் தயாராக இருந்தது.

மறுநாள் காலை தங்கை வழக்கம்போலக் கறுப்புத் திரையைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டினாள். தவறு என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு. போன் போட்டாள்.

"மாத்திட்டேன்" என்றாள் அக்கா. "பழசு கையில இருந்தா மாத்தறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லயாமே. கடையில ஒரு புது வயர் வாங்கிட்டு நேர்ல வா. போன்ல சொல்ல மாட்டேன்."

மூன்று பஸ் மாறி, கையில் வயரோடு, தங்கை அச்சகத்துக்குள் நுழைந்தாள். அக்கா கணினியின் மேல் ஒட்டியிருந்த பளபளப்பான ஜாம் லேபிள் தாளைக் காட்டினாள். அதில் ஆங்கில எழுத்தில், ஒரு பிழையில்லாமல் புதுக் கடவுச்சொல் அச்சாகியிருந்தது: தங்கச்சிக்கு எல்லாம் தெரியும் வயரைத் தவிர.

"இவ்வளவு நீளமாவா?" என்றாள் தங்கை.

"ரெண்டு வேளையும் தட்டு" என்றாள் அக்கா. "உனக்குத்தான் பட்டனைத் தட்டறது பழக்கமாச்சே."