ஆட்டுத்தொடைக்கு விழுந்த கோட்டை

எங்கள் ஊர்க் கோட்டையில் மிச்சமிருப்பது ஒரு வாசல், ஒன்றரைச் சுவர், ஊராரின் பெருமை. மூன்றாவதில் மட்டும் விரிசலே கிடையாது.

அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எதிரிகள் முற்றுகையிட்டபோது, வாசற்காவலன் ஒருவன் ஓர் ஆட்டுத்தொடைக்கு ஆசைப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டானாம். வந்தவர்கள் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்களாம். அந்தக் காவலன் என் கணவர் இவோரின் மூதாதையாம். வேல்ஸில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப்பெயர் என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. பால்காரருக்குப் பால், தபால்காரருக்குத் தபால். எங்கள் வீட்டுக்கு ஆட்டுத்தொடை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் கோட்டைத் திருவிழாவில் எங்கள் வீட்டு மூத்தவர் ஆட்டுத்தொடையைத் தோளில் சுமந்து வாசலில் நிற்க வேண்டும். ஊர் கூடி அகழிச் சேற்றை வாரி அடிக்கும். கல்யாணமான நாளாக இவோர் நின்றுவருகிறார். நான் ஒருநாளும் ஒரு கை சேறு எறிந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் துணியைத் துவைத்துப் போடுவேன்.

அவருக்கு அடுத்து எங்கள் மகள் காரிஸ். பள்ளியிலேயே அவளைப் பார்த்து ஆடு மாதிரி கத்துவார்கள். இந்தக் கேவலம் எனக்கு வேண்டாமென்று அழுதாள். கதை பொய்யென்று தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று இவோர் அவளிடம் சத்தியம் செய்தார்.

இந்த வசந்தத்தில் தோண்டிப் பார்க்க வந்த ஆராய்ச்சிக்காரி அது பொய்தான் என்று காட்டியே விட்டாள். முற்றுகையும் இல்லை, எதிரியும் இல்லை. பிரபு வீட்டுக் கழிப்பறைக் குழி அஸ்திவாரத்தை அரித்து, கிழக்குச் சுவர் தானாகவே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. காரிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அப்படியொரு சந்தோஷம்.

ஊர் அசரவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத கூட்டம். விழாவுக்கு முதல்நாள் குழுத் தலைவர் ஹூவெல் வீட்டுக்கு வந்தார். கதைப்படி இவருடைய மூதாதை கடைசிவரை கொம்பு ஊதிச் செத்த வீரன்.

"கக்கூஸ் இடிஞ்ச கதையக் கேக்க எவன் காரை எடுத்துக்கிட்டு வருவான்? துரோகி வேணும் இவோர். உங்கள மாதிரி நிக்க இந்த ஊர்ல வேற ஆளே இல்ல."

இவோருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஹூவெல் போனதும் காரிஸ், "சத்தியம் பண்ணீங்களேப்பா?" என்றாள்.

"அது இல்லாட்டி நான் யாரும்மா? வெறும் இவோர். தெருவுக்கு நாலு இவோர் இருக்கான். எனக்கப்புறம் நீயும் நின்னு பாரு, பழகிடும்."

காரிஸ் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் இவோர் ஆட்டுத்தொடையோடு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அறுநூறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. முதல் ஆள் இவர்தான். ஹூவெல் கொம்பை ஊதினார். ஊர் குனிவதற்குள் நான் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வீசினேன். நேராக மூக்கில் போய் அப்பியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் என்னையே பார்த்தார்.

"துணிய இனிமே நீங்களே துவைச்சுக்குங்க" என்றேன்.