திரையின் ஓரத்துக்கு அப்பால்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்தது சி மொஞ்சியின் வக்கீல் அலுவலகம். ஆள்கடத்துகிறவர்களின் படகில் ஏறிக் கடலில் காணாமல் போனவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல வருகிறவர்களின் வாக்குமூலங்கள் அங்கே ஒரு சர்வரில் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டவள் ரவுதா.

பல்காசெம் என்ற மீனவர் சாட்சி சொன்ன மறுவாரமே வீட்டு வாசலில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். அவர் பெயர் சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லை; யாரோ அதற்குள் புகுந்து திருடியிருக்க வேண்டும். ரவுதா பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினாள். திருடன் நுழைந்த ஓட்டையை அடைத்தாள். அதன்பிறகும் தினமும் காலையில் லாகின் செய்து, எவனாவது புகுந்திருக்கிறானா என்று துழாவினாள். எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் இன்னொரு சாட்சியும் காணாமல் போனார்.

அன்று மதியம், லாகின் ஆனதும் தானாக ஓடுகிற கட்டளைகள் கொண்ட சின்ன ஸ்கிரிப்டைத் திறந்தாள். பல வருஷமாகப் பழகியது என்பதால் மேலோட்டமாகப் பார்த்து மூடிவிடுவாள். ஏனோ அன்று ஒரு வரியின் கடைசிவரை போனாள். வெற்றிடமாகவே நீண்டது அந்த வரி. திரையின் ஓரத்துக்கு அப்பால், கண்ணில் படாத தொலைவில், ஒரு கட்டளை ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த வாக்குமூலங்களை அள்ளி வெளியே அனுப்புகிற கட்டளை.

"சி மொஞ்சி, கெடச்சிடுச்சு."

"அப்பாடா! அழிச்சுத் தொலை பொண்ணே."

"அழிச்சுப் பார்த்தேன், திரும்ப முளைக்குது. இருக்கிற பேக்கப் எல்லாத்துலயும் இருக்கு."

"எப்ப ஓடுது அது?"

"யாராவது லாகின் பண்றப்ப."

"பாஸ்வேர்டை மாத்தியாச்சே, அவன் எப்படி வருவான்? நம்மள்ல யாரு தினமும்..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான்தான்," என்றாள் ரவுதா. "திருடன் இருக்கானான்னு பார்க்க."

சர்வரின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். இருவரும் ஆளுக்கொரு போனில் சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர், "என் பேரை வெளிய விட்டது யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அப்போது ஒரு பெண் கதவைத் தட்டினாள். காணாமல் போன தம்பியின் படத்தை மார்போடு அணைத்திருந்தாள்.

"சாட்சி சொல்ல வந்தேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல. எழுதிக்கோங்க."

சி மொஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேண்டாம்கா," என்றாள் ரவுதா. "எங்ககிட்ட சொல்லாதீங்க. உங்க பேரைக்கூடச் சொல்லாதீங்க."

"உங்களை விட்டா நான் யார்கிட்ட போறது?"

ரவுதா கதவைத் திறந்து பிடித்தாள். அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.