முப்பதாயிரத்து முப்பத்தொன்று

"உடையாது, எதெல்கா—"

"உடையும்—"

"நான் சொல்லி முடிச்சிடறேன்—"

"சொல்லி முடிச்சா மட்டும் உடையாமப் போயிடுமா?"

குளத்தின் ஓரத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். செகெத் நகரத்து வெந்நீர்க் குளத்தில், மார்பளவு நீரில் நின்றபடி, ஓய்வு பெற்ற இரண்டு கணக்கு ஆசிரியர்கள் வாக்குவாதம் செய்வது அவர்களுக்குப் புதிதல்ல. இன்றைய பந்தயம்தான் புதிது.

பர்னபாஷ் மனைவியை இழந்தவர், எதெல்கா கணவரை. "என்னைக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கே வந்துடுங்களேன்" என்று போன சனிக்கிழமை பர்னபாஷ் கேட்டிருந்தார். "எதாலயும் வகுபடாத பகா எண் ஒண்ணு, அஞ்சு இலக்கத்துல, மனக்கணக்காவே கண்டுபிடிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று சிரித்துவிட்டுப் போனார் எதெல்கா. அப்படி வந்ததுதான் இந்த முப்பதாயிரத்து முப்பத்தொன்று.

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு. எல்லாத்தையும் பெருக்கி ஒண்ணு கூட்டினேன். எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். அப்போ பகா எண்தானே?"

"அந்த ஆறாலதான் வகுபடாது. பதிமூணோட உலகத்துல பகா எண்ணெல்லாம் தீர்ந்துபோச்சா, வாத்தியாரே? இதே தப்புக்கு எத்தனை பிள்ளைங்களை ஃபெயிலாக்கியிருப்பீங்க!"

பர்னபாஷின் காது மடல் சிவந்தது. எதெல்கா விரலை நீரில் நனைத்துக் கல் விளிம்பில் வகுக்கத் தொடங்கினார். பதினேழு. பத்தொன்பது. ஒரு கணக்கு முடிவதற்குள் முந்தைய கணக்கு காய்ந்துபோயிற்று. ஐம்பத்து மூன்றிலும் மீதி வந்தபோது பர்னபாஷ் தலை நிமிர்ந்தார்.

ஐம்பத்தொன்பதில் மீதி வரவில்லை.

"ஐம்பத்தொம்பது பெருக்கல் ஐநூத்தி ஒம்பது" என்றார் எதெல்கா.

"சரி. தோத்துட்டேன்." பர்னபாஷ் கைப்பிடியைப் பற்றிப் படியேறப் போனார்.

"நில்லுங்க. எதையும் பாதியில விடறதே உங்க வழக்கம். ஐம்பத்தொம்பதை உடைங்க பார்ப்போம்."

"அது உடையாது."

"ஐநூத்தி ஒம்பதை?"

பர்னபாஷ் இறங்கி வந்தார். இப்போது அவர் விரல் நனைந்தது. பத்தொன்பதுவரை பொறுமையாக வகுத்துப் பார்த்தார். அடுத்த பகா எண்ணான இருபத்து மூன்றின் வர்க்கமே ஐநூற்று ஒன்பதைத் தாண்டிவிடும்; அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

"இதுவும் உடையாது."

"ஆக, உடையாத கட்டைங்க ரெண்டு. நடுவுல மூணாவது ஆளே கிடையாது."

பர்னபாஷ் அந்த ஈரக் கல்லைக் காட்டினார். "இதுல ஐநூத்தி ஒம்பது யாரு?"

"சத்தமாப் பேசுற ஆளுதான்."

சதுரங்கக்காரர்களில் ஒருவர் சிரித்தார். சிரித்த வேகத்தில் குதிரையைத் தண்ணீரில் தட்டிவிட்டார். அது மிதந்து வந்ததை எதெல்கா எடுத்துக் கொடுத்தார். கல்லில் எழுதியதெல்லாம் காய்ந்துவிட்டது. எதெல்கா குளியல் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, பர்னபாஷைப் பார்க்காமல் கேட்டார்:

"உங்க சமையல்கட்டு ஜன்னல் ஆத்தைப் பார்த்துதானே இருக்கு?"