சிவப்புத் துணி

பொறாமை எனக்குப் புதிதல்ல. ஆனால் அது மனைவியின் தம்பிமேலேயே வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பியெலினென் ஏரி உறைந்த நாளிலிருந்து ரெய்னோவின் வலையில் வெள்ளை வெள்ளையாகச் சீகா மீன் குவிந்தது. அவனுக்கு நூறு தப்படி தள்ளிப் பனிக்கடியில் கிடந்த என் வலையில் விரல் நீளக் குஞ்சுகள். இந்த நிலையில் என் மகளுக்குப் பெயர் சூட்டு விருந்து வந்தது. மீனுக்குத்தான் தம்பி இருக்கிறானே என்று என் மனைவி சாய்மி சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். என் மகள், என் வீட்டு விருந்து, மீன் மட்டும் அவனுடையதா?

விருந்துக்கு முந்தின நாள் காலை, மதியத்துக்குள் பனிப்புயல் வரும், மூன்று நாளைக்கு ஏரியில் கால் வைக்க முடியாது என்று வானொலியில் சொன்னார்கள். விருந்துக்கு மிஞ்சியது அன்றைய ஒரு இழுப்புதான்.

வலை இறக்க ஏரியின் உறைபனியில் வெட்டிய துளையைப் பனி மூடிவிடும் என்பதால் பக்கத்தில் ஓர் ஊசியிலைக் கிளையை நட்டு வைப்போம். அடுத்தவன் அடையாளத்தில் கை வைப்பவனுக்கு எங்கள் கரையில் ஒரு வாய் காபி கிடைக்காது. ரெய்னோவின் கிளையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். சாய்மி தன் பழைய பாவாடையில் கிழித்துக் கொடுத்தது. என்னுடையது வெறுங்கிளை. எனக்கும் ஒரு துண்டு கொடு என்று கேட்க மனம் வரவில்லை.

அன்று அவனுக்கு முன்பே போய் அந்தத் துணியை அவிழ்த்து என் கிளையில் கட்டினேன். பனித்தூறலில் கரையே தெரியவில்லை. பின்னால் வந்தவன் சிவப்பைப் பார்த்து நேராக அங்கே போனான். நான் வெறுங்கிளையடியில் பனியை உடைத்து அவன் வலையை இழுத்தேன்.

மூன்று குஞ்சுகள். அவ்வளவுதான்.

அங்கே ரெய்னோ இழுத்துக்கொண்டே இருந்தான். சீகா மேல் சீகாவாக வந்து விழுந்தது. அந்தப் பருவத்தில் முதல் தடவையாக நிறைந்த என் வலை! தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அந்தக் குளிரிலும் சுட்டது.

வலையின் மர மிதவைகளில் அவரவர் பெயரெழுத்தைச் சூடு போட்டு வைத்திருப்போம். அவன் ஒன்றைத் துடைத்துப் பார்த்தான். பிறகு கிளையைப் பார்த்தான். நான் அருகில் போய் நின்றேன்.

"மச்சான், இது உங்க வலை."

"துணிய காத்து அடிச்சிட்டு வந்திருக்கும் மாப்ள."

"இருக்கும். இந்த வருசம் காத்துக்கு முடிச்சுகூடப் போடத் தெரியுது."

மீன் முழுவதையும் என் சறுக்குவண்டியில் ஏற்றினான். குஞ்சுகளைத் தன் பையில் போட்டுக்கொண்டான். பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் பனியைத் தட்டித் தட்டி முன்னால் நடந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விருந்தில், இன்றைக்கு எல்லாம் மச்சான் வலை மீன் என்று எல்லோர் காதிலும் விழும்படி அவனே சொன்னான். சாய்மி முகம் மலர்ந்து முதல் துண்டை என் தட்டில் வைத்தாள். எத்தனை நாள் ஏங்கிய துண்டு அது! ரெய்னோ தலை நிமிராமல் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான்.

அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது.